சிறிய மில்லிங் மெஷினைப் பிரித்துச் சீரமைத்தல்: கேள்வி பதில்

கேள்வி: பழைய மேசை மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம்) ஒன்று கிடைத்திருக்கிறது. முழுவதும் பிரித்துவிடலாமா?

பதில்: முதலில் அளந்து எழுதி வையுங்கள். டேபிள் ஆட்டம், பேக்லாஷ் (திசை மாற்றும்போது திருகில் தெரியும் தளர்வு), ஸ்பிண்டிலின் (கட்டரைச் சுழற்றும் தண்டு) தள்ளாட்டம், ஹெட்டின் (ஸ்பிண்டிலைத் தாங்கும் மேல்பாகம்) சாய்வு எல்லாம் குறிப்பில் இருக்கட்டும். இல்லாவிட்டால் திரும்பப் பூட்டிய பிறகு எது சரியானது, எது கெட்டது என்றே தெரியாது.

கேள்வி: டிராம் செய்துவிட்டேன், 200 மி.மீ. வட்டத்தில் 0.02 மி.மீ.க்குள் இருக்கிறது. ஆனாலும் டிரில் மாட்ட ஹெட்டை உயர்த்தினால் துளையின் இடம் விலகுகிறது.

பதில்: நல்ல கேள்வி. பலரும் சறுக்குவது இங்கேதான். டிராம் என்பது ஸ்பிண்டில் டேபிளுக்குச் செங்குத்தா என்று மட்டும் சொல்லும். ஹெட் ஏறி இறங்கும் பாதை செங்குத்தா என்பது தனிக் கணக்கு. உங்கள் காலம் (column, ஹெட்டைத் தாங்கும் தூண்) 100 மி.மீ.க்கு 0.1 மி.மீ. சாய்ந்திருந்தால், ஹெட்டை 60 மி.மீ. உயர்த்தும்போது 0.06 மி.மீ. விலகும். டிராம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விலகும்.

நம்பகமான மூலைமட்டம் ஒன்றை டேபிளில் நிறுத்துங்கள். டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய நகர்வைக் காட்டும் முள் கருவி) ஹெட்டில் பிடித்து, முனையை மட்டத்தின் விளிம்பில் தொட வைத்து ஹெட்டை ஏற்றி இறக்குங்கள். இட வலம், முன் பின் இரண்டையும் பாருங்கள். ஒரே திசையில் நகர்த்தி அளவு எடுங்கள், இல்லையென்றால் கிப் (சறுக்கும் பாகங்களின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) ஆட்டமும் அளவில் சேர்ந்துவிடும். முன் பின் பிழையைக் காலத்தின் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யுங்கள். போல்ட்டை இறுக்கியதும் மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கத்தில் அடிப்பாகம் வளையும். காலம் நேரான பிறகுதான் ஹெட்டைத் தொட வேண்டும். டிராம் பிழையைக் காலத்தின் ஷிம்மால் சரிக்கட்டினால் இந்த விலகல்தான் மிஞ்சும்.

கேள்வி: கிப் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

பதில்: கைச்சக்கரம் கனக்கும் வரை இறுக்கி, லேசாகத் தளர்த்தி, லாக் நட்டைப் போடுங்கள். அப்புறம் டேபிளின் நுனியைத் தள்ளி இழுத்து இண்டிகேட்டரில் பாருங்கள்.

கேள்வி: ஸ்பிண்டிலை ஓட்டும் பிளாஸ்டிக் கியர் அடிக்கடி உடைகிறது. பெல்ட் போடலாமா?

பதில்: போடுங்கள், சத்தமும் குறையும். வி-பெல்ட் என்றால் கட்டர் சிக்கும்போது வழுக்கி மற்ற பாகங்களைக் காக்கும். பல் பெல்ட் வழுக்காது.

கேள்வி: பேக்லாஷ் தொல்லை தாங்கவில்லை. கையால்தான் ஓட்டுகிறேன், பால் ஸ்க்ரூ (உள்ளே குண்டுகள் உருளும் திருகு) போடட்டுமா?

பதில்: வேண்டாம். சாதாரண லீட் ஸ்க்ரூவில் (டேபிளை நகர்த்தும் திருகு) உராய்வு அதிகம், அதனால் டேபிள் திருகைத் திருப்ப முடியாது. பால் ஸ்க்ரூவின் திறன் 90 சதவீதம் அளவில் இருப்பதால் வெட்டு விசையே கைச்சக்கரத்தைச் சுழற்றிவிடும். மோட்டார் இருந்தால் அது பிடித்து நிறுத்தும். கைக்கு அந்தப் பலம் தொடர்ந்து கிடைக்காது.

கேள்வி (வேறொருவர்): நான் மறுக்கிறேன். இரண்டு வருடமாகக் கைச்சக்கரத்தோடு பால் ஸ்க்ரூ ஓட்டுகிறேன், டேபிள் நகர்ந்ததே இல்லை.

பதில்: என்ன வெட்டுகிறீர்கள்? எவ்வளவு ஆழம்?

கேள்வி: அலுமினியம், 6 மி.மீ. என்ட் மில், அரை மி.மீ. ஆழம்.

பதில்: அப்படியானால் கிப்பின் உராய்வே போதும். எஃகில் 16 மி.மீ. கட்டரை இறக்கிப் பாருங்கள். நீங்கள் ஓட்டாத அச்சின் மேல் இண்டிகேட்டர் வைத்து, லாக் போடாமல் வெட்டுங்கள்.

கேள்வி: வைத்துப் பார்த்தேன். எக்ஸ் அச்சில் வெட்டும்போது ஒய் அச்சு 0.15 மி.மீ. நகர்ந்திருக்கிறது. லாக் போட்டால் நகரவில்லை. ஆனாலும் லாக் போட்டுப் பழகினால் போதும் என்கிறேன்.

பதில்: ஓட்டாத அச்சுக்கு லாக் போதும், ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுகிற அச்சுக்கு லாக் போட முடியாதே. கிளைம்ப் மில்லிங்கில் (கட்டர் பற்கள் போகும் திசையிலேயே ஜாப்பை நகர்த்தும் முறை) கட்டர் ஜாப்பை, அதாவது வெட்டப்படும் துண்டை, இழுக்கும்போது அங்கே என்ன தடுக்கும்? கை மட்டும்தான். அளந்து சொன்னதற்கு நன்றி.

கேள்வி: கை மெஷினுக்குப் பால் ஸ்க்ரூ எந்த அளவு நல்லது?

பதில்: மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: காலத்துக்குள் எபாக்சியும் கல்தூளும் நிரப்பினால் உறுதி கூடுமா?

பதில்: அதிர்வு குறையும். ஆனால் காலம் அடியோடு சேரும் இடம் பலவீனமாக இருந்தால் அது அப்படியேதான் இருக்கும். நிரப்புவதற்கு முன் அளந்தீர்களா?

கேள்வி: 16 மி.மீ. பால் ஸ்க்ரூ, 5 மி.மீ. லீட் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்), போடலாமா?

பதில்: மோட்டார் வைத்தால் போடுங்கள். கைச்சக்கரம் என்றால் இரண்டு பதில் மேலே இருக்கின்றன, படியுங்கள்.