மஸ்கெலியா தேயிலைத் தோட்ட லயன் வீட்டு சோலார் லைட் எட்டரைக்கே அணைந்துவிடுகிறதா?

தம்பி, மூன்று லைட்டும் இரவு எட்டரைக்கே அணைகிறதென்று நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். பெட்டரியில் பழுது இருக்கிறதென்று உடனே முடிவு செய்யாதீர்கள், முதலில் கணக்கைப் பாருங்கள். 3 வாட் எல்இடி மூன்று, ஐந்து மணி நேரம் எரிந்தால் 45 வாட்-மணி (வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வருகிற மின்சக்தி அளவு) வேண்டும். உங்கள் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பெட்டரியில் மொத்தமே 84தான், அதிலும் பாதிக்கு மேல் தினமும் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். அப்புறம் பெனல் வெறும் 10 வாட். தென்மேல் பருவ மழையில், மே முதல் செப்டம்பர் வரை, நம் மலைப்பக்கம் மூடுபனியோடு கிடக்கும்போது முழு வெயிலுக்கு ஈடாக ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம், அதாவது 15 வாட்-மணி, அதிலும் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே வீணாகி, கைக்கு வருவது 10தான்.

ஆகவே 30 வாட் பெனல் போடுங்கள், அதே கணக்கில் 30 வாட்-மணி கைக்கு வரும். தங்கச்சி படிக்கிற லைட் மட்டும் ஐந்து மணி நேரம், மற்ற இரண்டும் இரண்டிரண்டு மணி என்றால் 27 வாட்-மணி போதும், மழைக்காலத்திலும் ஓரளவு சமாளிக்கலாம்.

கன்ட்ரோலர், அதாவது பெட்டரிக்கு அளவோடு சார்ஜ் விடும் கருவி, இல்லாமல் பெனலை பெட்டரிக்கு நேராகக் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கவலை. 12 வோல்ட் பெனல் எதிலும் இணைக்காமல் வெயிலில் இருக்கும்போது 21 வோல்ட் வரை காட்டும், அதனால் நல்ல வெயில் நாளில் சார்ஜ் மிஞ்சி பெட்டரியின் நீரை வற்றவைத்துவிடும். சின்ன கன்ட்ரோலர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள், மின்னழுத்தம் குறைந்ததும் லைட்டை வெட்டிவிடும் வகையாகப் பார்த்து. பெட்டரியின் பொசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் பியூஸ் ஒன்று போடுங்கள், வயர் உரசித் தீப்பிடிக்காமலிருக்க, பலகைச் சுவர் வீடென்றால் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

பெனலைத் தகரக் கூரையில் தெற்கே பார்த்து 10, 15 பாகை சாய்த்து வையுங்கள், மழையே தூசியைக் கழுவிவிடும். சவுக்கு மர நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மின்சாரம் பாதிக்கு மேல் குறையலாம், காலை பத்து மணிக்கு ஏறிப் பார்த்துச் சொல்லுங்கள்.