ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் சர்வரில்) கணக்குகள் மாறும்போது பைத்தான் நிரலுக்கு உடனே தெரியச் செய்வது எப்படி?

டைரக்டரியுடன் பேச உதவும் பைத்தான் லைப்ரரியான எல்டேப்3-இன் பெர்சிஸ்டன்ட் சர்ச் வசதியை (மாற்றங்களுக்காகத் திறந்தே இருக்கும் தேடலை) இயக்கினால் பிழைச் செய்திதான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிரலில் தவறு இல்லை. அது நெட்ஸ்கேப் வழிவந்த டைரக்டரி சர்வர்களுக்கு உரிய முறை. ஆக்டிவ் டைரக்டரி அதை ஏற்பதில்லை. எந்தெந்தக் கன்ட்ரோல்களை (தேடலோடு சேர்த்து அனுப்பும் கூடுதல் கட்டளைகளை) ஒரு சர்வர் ஏற்கும் என்பது, அது தன்னைப் பற்றிச் சொல்லும் ரூட்-டிஎஸ்இ பதிவிலேயே இருக்கும். ஓபன்எல்டேப் என்ற திறமூல டைரக்டரி சர்வராக இருந்தால் ஆர்எஃப்சி 4533 என்ற இணைய நெறிமுறை ஆவணம் சொல்லும் சிங்க் முறையே போதும்.

ஆக்டிவ் டைரக்டரிக்கென்று தனியாக ஓர் அறிவிப்புக் கன்ட்ரோல் உண்டு. ஆனால் அது மாறிய பதிவைத் தருமே தவிர, அதில் எது மாறியது என்று சொல்லாது. அதை மட்டும் நம்பி நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். எங்கள் நிறுவனத்துக்குப் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஓர் அலுவலகமும் பொள்ளாச்சியில் ஓர் அலுவலகமும் இருக்கின்றன. சர்வர் பொள்ளாச்சியில், என் நிரல் கொழிஞ்சாம்பாறையில். நெடுநேரம் தரவு ஓடாத இணைப்பை நடுவிலிருந்த ஃபயர்வால் சத்தமின்றி மறந்துவிட, நிரலோ இணைப்பு உயிரோடிருப்பதாக எண்ணிக் காத்துக்கொண்டே இருந்தது. வேலையை விட்டுச் சென்றவரின் கணக்கு டைரக்டரியில் முடக்கப்பட்டும், கணக்கியல் மென்பொருளில் அவருக்கிருந்த அனுமதி நான்கு நாட்கள் திறந்தே கிடந்தது. அறிவிப்பு வரவில்லை என்பதை மாற்றம் நடக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டதுதான் பிழை.

ஆகவே, மாறியவற்றை மட்டும் கேட்டு வாங்கும் டிர்சிங்க் கன்ட்ரோலை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். எல்டேப்3-இல் அது மைக்ரோசாஃப்ட் நீட்சிகளுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சர்வர் தரும் குக்கீயை (எதுவரை தந்தது என்ற குறிப்பை) அடுத்த முறை திருப்பிக் கொடுத்தால், இடையில் மாறியவை, நீக்கப்பட்டவை உட்பட, வந்து சேரும். இணைப்பு ஒரு நாள் முழுவதும் அறுந்திருந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பதிவில் கூடும் யுஎஸ்என்-சேஞ்ச்டு எண்ணைப் பார்ப்பதும் ஒரு வழிதான் என்றாலும், அந்த எண் ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரிலும் (டைரக்டரியின் நகலை வைத்திருக்கும் சர்வரிலும்) வேறுபடும் என்பதால், வேறொரு கன்ட்ரோலருக்கு மாறும் நாளில் தொடர்ச்சி தப்பிவிடும். டிர்சிங்க் குக்கீக்கு அந்தச் சிக்கல் இல்லை. தேடலை டொமைனின் வேரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும், நிரலின் கணக்குக்கு ‘ரெப்ளிகேட்டிங் டைரக்டரி சேஞ்சஸ்’ உரிமை தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை டிர்சிங்க் இயக்குகிறேன். அறிவிப்பு வந்தால் அதைக் கதவு தட்டும் ஓசையாக மட்டும் கொண்டு, அந்த இரண்டு நிமிடத்துக்குக் காத்திராமல் உடனே இயக்குகிறேன். மாற்றங்களைச் செயல்படுத்தி முடித்த பின்னரே குக்கீயைச் சேமிக்கிறேன். நடுவில் மின்சாரம் போனால் அதே மாற்றம் மறுபடி வரும், விடுபடாது.

இன்னொன்று: ஆட்களைப் பெயரால் அடையாளம் காணாதீர்கள். எங்கள் எல்லைப் பகுதியில் ஒரே ஆளின் தலைப்பெழுத்து தமிழ்நாட்டுச் சான்றிதழில் பெயருக்கு முன்னும் கேரளச் சான்றிதழில் பின்னும் நிற்பது சாதாரணம். அதைத் திருத்தும்போதெல்லாம் டைரக்டரியில் பதிவின் முகவரியும் மாறிவிடுகிறது. மாறாமல் இருப்பது ஒவ்வொரு பதிவுக்கும் டைரக்டரி தரும் ஆப்ஜெக்ட்-ஜியுஐடி என்ற அடையாள எண் ஒன்றே. உங்கள் அட்டவணைக்கு அதையே திறவுகோலாக வையுங்கள்.