"கை நடுங்குதுக்கா!" புது நர்ஸ்களின் கேள்விகளும் சீனியர் சிஸ்டரின் பதில்களும்

படிப்பு முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்து, சென்னை ஆஸ்பத்திரிகளில் டியூட்டிக்குச் சேர்ந்திருக்கும் புது நர்ஸ்கள் கேட்டவை இவை. பதில் சொல்பவர் வார்டு இன்சார்ஜாக இருக்கும் ஒரு சீனியர் சிஸ்டர்.

அக்கா, காலேஜில் பொம்மைக் கையில் வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றச் செருகும் ஊசிக்குழாய்) நன்றாகப் போடுவேன். வார்டில் சொந்தக்காரர்கள் சுற்றி நின்றால் கை நடுங்குகிறது. நேற்று ஒருவர் "வேற சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்றே சொல்லிவிட்டார். (குரோம்பேட்டை)

முதலில் கூட்டத்தைக் கலை. "ஒருத்தர் மட்டும் இருங்க, மத்தவங்க வெளியில நில்லுங்க" என்று சொல்ல உனக்கு உரிமை உண்டும்மா. அப்புறம் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார். குனிந்தபடி போட்டால் யாருக்கும் கை ஆடும்.

ஏசி குளிரில் நரம்பு உள்ளே ஒளிந்துகொள்ளும். கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொல், வெதுவெதுப்பான துணியைச் சுற்றி வை. டூர்னிக்கெட்டை, அதாவது கையை இறுக்கும் பட்டையை, ஊசி போடும் இடத்துக்கு நாலு விரல் மேலே கட்டு, ஒரு நிமிஷத்துக்கு மேல் விட்டுவைக்காதே. கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதைவிட, விரலுக்கு மெத்தென்று எழும்புகிற நரம்பை நம்பு. வயதானவர்களுக்குத் தோலைக் கீழ்ப்பக்கம் இழுத்துப் பிடிக்காவிட்டால் நரம்பு நழுவி ஓடிவிடும். அவர்களுக்குப் பெரும்பாலும் நீல நிற 22 நம்பர் வென்ஃப்ளான் போதும். ரத்தம் ஏற்றவோ ஆபரேஷனுக்கோ என்றால் பச்சை 18 கேட்பார்கள்.

இரண்டு முறை கிடைக்கவில்லையா, நிறுத்திவிட்டு சீனியரைக் கூப்பிடு. வேற சிஸ்டர் வேண்டும் என்கிறார்களா, "சரிங்க, கூட்டிட்டு வரேன்" என்று சொல். ஆனால் அங்கிருந்து போய்விடாதே, பக்கத்தில் நின்று அந்த சிஸ்டரின் கையைக் கவனி.

ராத்திரி 2 மணிக்கு டியூட்டி டாக்டருக்கு போன் செய்யவே பயம். "இதுக்கா எழுப்புனே?" என்று கத்துகிறார். (பெரம்பூர்)

கத்தட்டும். கூப்பிடாமல் விட்டு காலையில் கேஸ் மோசமானால் அந்தக் கேள்வி உன்னிடம்தான் வரும். போனை எடுக்கும் முன் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொள், மூச்சை முழு ஒரு நிமிஷம் எண்ணிக்கொள். உடம்பு கெட்டுப்போவதை மூச்சு எண்ணிக்கை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். நம் வார்டுகளில் பலர் பார்க்காமலே 20 என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் கோபம்.

பேச்சு இப்படி இருக்கட்டும்: "சார், ஆண்கள் வார்டு 12ஆம் பெட், 58 வயசு, நிமோனியா. சாயங்காலம் மூச்சு 20, இப்ப 32. ஆக்சிஜன் 4 லிட்டர் போகுது, ஆனாலும் சாச்சுரேஷன் 88தான். நீங்க வந்து பார்க்கணும் சார்." கடைசி வரியை விழுங்கிவிடாதே. டாக்டர் போனிலேயே மருந்து சொன்னால் பெயர், அளவு இரண்டையும் திருப்பிச் சொல்லிக் காட்டு. கூப்பிட்ட நேரத்தை எழுதிவை. வரவில்லை என்றால் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது.

கணக்கு என்றாலே எனக்குப் பதற்றம், சொட்டுக் கணக்கு உட்பட. (ஆவடி)

சாதாரண ஐவி செட்டில் (டிரிப்ஸ் ஏற்றும் குழாயில்) 20 சொட்டு ஒரு மில்லி. 500 மில்லி 8 மணி நேரத்தில் போக வேண்டும் என்றால், 500ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிஷத்தால் வகு: நிமிஷத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு. சின்னச் சொட்டாக விழும் மைக்ரோ செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு, அதனால் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு.

இன்சுலினில்தான் உண்மையான ஆபத்து. நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும் மருந்துக் குப்பியும் உண்டு, 100 யூனிட் மருந்தும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், பொட்டாசியம் மூன்றுக்கும் இன்னொரு சிஸ்டரிடம் காட்டிவிட்டுப் போடு. பொட்டாசியம் குளோரைடை நேரடியாக நரம்பில் தள்ளவே கூடாது.

மேடம், நான் ஆண் நர்ஸ். பெண் நோயாளிகள் தயங்குகிறார்கள், சிலர் வார்டு பாய் என்று நினைக்கிறார்கள். (திருவொற்றியூர்)

உள்ளே போனதும் "நான் ஸ்டாஃப் நர்ஸ், இன்னைக்கு உங்களைப் பார்த்துக்கறேன்மா" என்று சொல்லிவிடு தம்பி. கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போன்றவற்றுக்கு ஒரு சிஸ்டரை அனுப்பு. மனசில் வைத்துக்கொள்ளாதே.

எங்கள் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொல்கத்தா பக்கத்து நோயாளிகள் நிறைய வருகிறார்கள். எனக்கு வங்காளமோ இந்தியோ சுத்தமாக வராது. (வடபழனி)

வலி, மூச்சு, வாந்தி, சிறுநீர், அலர்ஜி என்று அவர்கள் மொழியில் ஒரு பத்துச் சொல் கற்றுக்கொள், போதும். கையெழுத்து வாங்கும் விஷயத்துக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம்.

முதல் முறை கோட் ப்ளூ (இதயமோ மூச்சோ நின்றவருக்கான அவசர அழைப்பு) வந்தபோது உறைந்து நின்றேன். (ராயபுரம்)

ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடு: நெஞ்சை அழுத்துவது, இல்லை மருந்து நேரம் எழுதுவது. அழுத்தம் என்றால் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். டியூட்டி ஏறியதும் எமர்ஜென்சி டிராலியை நீயே திறந்து பார். அட்ரினலின் எந்த டிராயரில், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கில் மாஸ்க் மாட்டியிருக்கிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா. தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு எரியவில்லை என்றால் அப்போதே ஸ்டோருக்குப் போன் போடு.