22 வருடம் கழித்துப் போனால் சாமி திட்டுவாரா?

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் பொருளும் மாறிவிடும். இம்முறை மனமாற்றம், பாவசங்கீர்த்தனம் (பாதிரியாரான குருவிடம், நம் பேச்சில் ‘சாமி’யிடம், பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். விஷயம் அப்படிப்பட்டது என்பதால் யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி: உறுதிபூசுதல் என்ற திருச்சடங்குக்கு முந்திய நாள் பாவசங்கீர்த்தனம் செய்ததுதான் கடைசி. 22 வருடம் ஓடிவிட்டது. இடையில் ஓர் இந்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். இப்போது கோயிலுக்குத் திரும்ப வேண்டும் போலிருக்கிறது. முறையெல்லாம் மறந்துவிட்டது. சாமி திட்டுவாரா? எங்கிருந்து தொடங்க? (தூத்துக்குடி)

பதில்: திட்டினால் எழுந்து வேறு சாமியிடம் போங்கள், அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. சொந்தப் பங்கில்தான் (உங்கள் ஊர்க் கோயிலில்தான்) செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை. முகம் தெரியுமே என்று கூச்சமாக இருந்தால் வேளாங்கண்ணி போன்ற திருத்தலம் ஒன்றுக்குப் போகலாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் முதல் வேலை பாவசங்கீர்த்தனத் தொட்டி அல்ல, பங்கு அலுவலகம். பதிவுத் திருமணம் திருச்சபையின் கண்ணில் இன்னும் சீராகவில்லை. அதை விட்டுவிட்டு வரிசையில் நின்றால், கடைசி நிமிடத்தில் அது வெளிவந்து, பாவமன்னிப்பும் நற்கருணையும் தள்ளிப்போகலாம். திரும்பி வந்த பலர் மனம் கசந்து மறுபடி போய்விடுவது இந்த இடத்தில்தான். ஆகவே முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். உங்கள் மனைவி மதம் மாற வேண்டியதில்லை. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவரை மணப்பதற்கு, மறைமாவட்டத் தலைவரான ஆயரின் விதிவிலக்கு வேண்டும். பங்குத்தந்தை வழியாக எழுதி வாங்கலாம். திருமுழுக்குச் சான்றிதழைப் புதிதாக எடுக்கச் சொல்வார்கள், பழைய நகல் செல்லாது. திருமணம் நடந்தால் திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பார்கள். புதிய நகலில்தான் அது தெரியும். மனைவி கோயிலில் வந்து நிற்க விரும்பவில்லை என்றாலும் வழி அடைபடாது. இருவரின் சம்மதமும் நீடிக்கும்வரை, மறுபடி சடங்கு நடத்தாமலே ஆயர் அந்தத் திருமணத்தைச் செல்லுபடியாக்க முடியும். கேட்டால்தான் கிடைக்கும்.

இனி பாவசங்கீர்த்தனம். பழைய ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பில் ஐந்து காரியம் என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள்: பாவங்களை நினைவுகூர்தல், மனஸ்தாபப்படுதல் (செய்ததற்கு மனம் வருந்துதல்), இனிச் செய்வதில்லை என்று தீர்மானித்தல், குருவிடம் சொல்லுதல், அபராதம் (பரிகாரமாகக் குரு சொல்வது) தீர்த்தல். சொல்லுவது நான்காவதுதான். பலர் நேராக அங்கே போய் நிற்பதால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

தவக்காலத்துக் கடைசி வாரக் கூட்டத்தில் போகாதீர்கள்; பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது 22 வருடத்தைச் சொல்ல முடியாது. வார நாள் ஒன்றில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். முந்திய இரவு பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நினைவுக்கு வருவதைக் காகிதத்தில் குறியுங்கள். கைபேசியில் வேண்டாம், காகிதம் என்றால் பிறகு எரித்துவிடலாம்.

சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும் என்பது சட்டம். கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் சேர்ந்தால்தான் அது சாவான பாவம். எண்ணிக்கை என்றதும் பயப்பட வேண்டாம். “திருவிழா, கிறிஸ்துமஸ் தவிர ஞாயிறு பூசைக்குப் போகவில்லை” என்றால் போதும். 22-ஐ 52-ஆல் பெருக்க வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு “மாதம் ஒரு முறை போல, ஐந்து வருடம்” என்கிற அளவு துல்லியம் போதும்.

உள்ளே போய், “ஃபாதர், 22 வருடம் கழித்து வருகிறேன், முறை மறந்துவிட்டது, நீங்களே கேளுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். அவர் கேட்டதும் மனஸ்தாப மந்திரம் சொல்ல வேண்டும். மறந்திருந்தால் சொந்த வார்த்தை போதும். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் என்று அவர் சிலுவை வரைந்து பாவவிடுதலை சொல்லும்போது “ஆமென்” என்பது உங்கள் பங்கு.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. மனைவி, மாமனார், மேலாளர் பாவங்களைச் சொல்லிவிட்டு வருவது ஒன்று. “எல்லாப் பாவமும் செய்திருக்கிறேன்” என்று மொத்தமாக முடிப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் மோசம்: ஒன்றை வேண்டுமென்றே மறைப்பது. மறந்து விட்டுப்போன பாவம் மற்றவற்றோடு மன்னிக்கப்பட்டுவிடும். நினைவு வந்தால் அடுத்த முறை சொன்னால் சரி. மறைத்தாலோ முழுப் பாவசங்கீர்த்தனமும் செல்லாமல் போகும், திரும்பச் செய்ய வேண்டும். குரு வெளியே சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் மறைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாவசங்கீர்த்தன ரகசியம் என்ற முத்திரையை நேரடியாக உடைக்கும் குரு அந்த நொடியே திருச்சபைத் தொடர்பிலிருந்து நீக்கப்பட்டவர் ஆகிறார், அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் ரோமுக்கு மட்டுமே.

கேள்வி: வேலை பார்த்த கடையில் கணக்கு எழுதினேன். மூன்று வருடத்தில் சுமார் 1,80,000 ரூபாய் எடுத்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், மன்னிப்பும் கிடைத்தது. வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் உண்டியலில் 20,000 போட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. (மதுரை)

பதில்: ஆறாமல் இருப்பது நல்ல அறிகுறி. உண்டியலில் போட்டது யாருடைய பணம்? கடைக்காரருடையது. அவர் பணத்தில் நீங்கள் மாதாவுக்குக் காணிக்கை செலுத்தியிருக்கிறீர்கள். நேர்த்திக்கடன் நல்ல பழக்கம்தான். ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனுக்கு அது ஈடாகாது. அந்த 20,000-ஐக் கணக்கில் கழிக்கவும் முடியாது.

இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரிதண்டுவோர் தலைவர் சக்கேயு என்ன சொன்னார் என்று லூக்கா 19:8-ஐப் பாருங்கள். உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். ஏமாற்றியதை அதோடு சேர்க்கவில்லை; அதை உரியவருக்கே நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகத் தனியாகச் சொன்னார். தர்மம் வேறு, திருப்பிக் கொடுத்தல் வேறு. திருடிய ஆட்டுக்கு நான்கு ஆடு என்பது விடுதலைப் பயணச் சட்டம். தானாக வந்து ஒப்புக்கொள்பவருக்கு லேவியர் நூல் கேட்பது குறைவு: முழுத் தொகையும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும். உங்கள் கணக்கில் 1,80,000-உம் 36,000-உம். இந்த ஐந்தில் ஒரு பங்கு இன்று நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. எடுத்த தொகையையும், அதனால் அவருக்கு உண்டான நட்டத்தையும் திருச்சபை கேட்கிறது.

மொத்தமாக இல்லை என்றால் தவணை. மாதம் 5,000 என்றால் அசலுக்குச் சரியாக 36 மாதம். எடுத்த காலமே கொடுக்கும் காலம். நேரில் போய் ஒப்புக்கொள்வது சிறந்ததுதான், ஆனால் உங்களை நீங்களே காட்டிக்கொடுத்தாக வேண்டும் என்ற கடமை இல்லை. குருவின் கையில் கொடுத்து, பெயர் சொல்லாமல் சேர்க்கச் சொல்லலாம்; உங்கள் அனுமதியோடு அவர் அதைச் செய்வார். (ஜிபேயில் அனுப்பினால் பெயர் வந்துவிடும், ரொக்கமாகக் கொடுங்கள்.) உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுக்கு. வாரிசையும் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் மட்டும் ஏழைகளுக்கு. ஒரு விஷயத்தை நிச்சயமாக விசாரித்துக்கொள்ளுங்கள்: அந்தப் பணத்துக்காக வேறு யாராவது பழி சுமந்து வேலையை இழந்தார்களா? அப்படியானால் ரகசியமாகப் பணத்தைச் சேர்த்தால் மட்டும் போதாது, அவர் பெயரும் திரும்ப வேண்டும்.

கேள்வி: தியானக் கூட்டத்தில் எல்லோரும் அழுகிறார்கள். எனக்குக் கண்ணீரே வருவதில்லை. என் மனஸ்தாபம் உண்மையானதா? (திருச்சி)

பதில்: கண்ணீர் கணக்கில் இல்லை. கடவுள்மேல் உள்ள அன்பினால் வருந்துவது உத்தம மனஸ்தாபம். பாவத்தின் அசிங்கத்தையோ தண்டனையையோ நினைத்து வருந்துவது குறைவுள்ள மனஸ்தாபம். அதுவும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போதும் என்று ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1551-இல் சொல்லிவிட்டது.

இப்போதெல்லாம் இரண்டு வீட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்றால்தான் “மனஸ்தாபம்” என்கிறோம். அதனால் இளையவர்களுக்கு இந்த மந்திரத்தின் பெயரே விளங்குவதில்லை. மனம் வெந்துபோவது என்று விளக்க வேண்டியிருக்கிறது. மனம் வெந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. புராட்டஸ்தாந்து சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 27:3-ஐப் படியுங்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் “மனஸ்தாபப்பட்டு” என்றுதான் இருக்கிறது. பாவத்தை ஒப்புக்கொண்டார், 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தார். இயேசுவிடம் மட்டும் திரும்பவில்லை. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் அழுதார், ஆனால் சீடர்களோடு இருந்தார், கல்லறைக்கு ஓடினார். உங்கள் கால் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், கண்ணை விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவன். தேவனிடம் நேரடியாக அறிக்கையிட்டால் போதாதா? மனுஷனிடம் எதற்கு? உங்கள் வேதாகமத்தில் ‘மனந்திரும்புங்கள்’ என்பதுகூட ‘மனம் மாறுங்கள்’ என்று இருக்கிறதே. (மார்த்தாண்டம்)

பதில்: இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம். கிரேக்கச் சொல் மனத்தின் மாற்றத்தைக் குறிப்பது. அந்த வகையில் “மனம் மாறுங்கள்” நெருக்கமானது. இறைவாக்கினர்கள் பேசிய எபிரேயச் சொல்லோ “திரும்பு” என்பதேதான், வழியில் போகிறவன் திரும்பி நடப்பது. “மனந்திரும்பு” அதையும் தாங்குகிறது. எங்கள் கட்சியை விட்டுப் பேசினால், தமிழில் அதுவே அழகான சொல்.

தனியாக அறிக்கையிடும் செபத்தைக் கடவுள் கேட்பதில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. யோவான் 20:23-இல் மன்னிக்கும் அதிகாரம் சீடர்களுக்குக் கொடுக்கப்பட்டதால், சாவான பாவத்துக்கு இதுதான் சாதாரண வழி என்கிறோம். உங்கள் மரபிலும் இது அந்நியமல்ல. விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலே என்று 1517-இல் எழுதிய லூத்தர், புராட்டஸ்தாந்து இயக்கத்தைத் தொடங்கியவரே, தனிப் பாவ அறிக்கையை ஒழிக்கவில்லை; தம் சிறிய ஞானோபதேச நூலில் அதற்கு ஒரு முறையும் தந்தார். உங்கள் சபைப் போதகரிடம் தனியாகப் போய்ப் பேசத் தடை ஏதும் இருக்காது; கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன். பத்து நாள்கூடத் தாங்குவதில்லை. பொய் சத்தியம் செய்வதற்குப் போகாமலே இருக்கலாமா? (சென்னை)

பதில்: இருக்கக் கூடாது. தீர்மானம் என்பது இப்போது உள்ள விருப்பம்; நாளை விழ மாட்டேன் என்ற ஜோசியம் அல்ல. விழுவேனோ என்ற பயம் இருந்தாலும் தீர்மானம் உண்மையாக இருக்கலாம். ஆனால் “குடிக்க மாட்டேன்” மட்டும் போதாது. எந்த வழியாக வீட்டுக்கு வருகிறீர்கள், சம்பள நாளில் யாரோடு இருக்கிறீர்கள், பணம் யார் கையில் என்ற மூன்றையும் மாற்றாத தீர்மானம் பத்து நாளில்தான் உடையும். ஒரே குருவிடம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போங்கள். ஆள் மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொருவருக்கும் அது முதல் கதை.

குடிநோய் என்றால் மருத்துவரும் வேண்டும், குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டமும் வேண்டும். அவர்களின் 12 படிகளில் நான்காவது ஆத்தும சோதனை, ஐந்தாவது இன்னொரு மனிதரிடம் ஒப்புக்கொள்வது, ஒன்பதாவது பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்வது. ஞானோபதேசம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

கேள்வி: கருக்கலைப்பு செய்துகொண்டேன். ஆயர் மட்டும்தான் மன்னிக்க முடியும் என்கிறார்கள். (ஊரும் வேண்டாம்)

பதில்: அந்த நிலை மாறிவிட்டது. 2016 நவம்பர் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கையெழுத்திட்ட கடிதத்தின்படி, எந்தக் குருவும் இந்தப் பாவத்தை மன்னிக்கலாம். ஆயர் இல்லத்துக்குப் போக வேண்டியதில்லை. கட்டாயப்படுத்தப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அது சாக்குப்போக்கு ஆகாது. பொறுப்பின் அளவு அதனால் உண்மையிலேயே மாறுகிறது, வற்புறுத்தியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு முறை சொல்லி மன்னிப்புப் பெற்ற பிறகு ஒவ்வொரு தவக்காலமும் அதையே திரும்பச் சொல்ல வேண்டாம். தானாகக் கலைந்த கருவைப் பாவம் என்று எண்ணிச் சுமக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அது பாவமே அல்ல.

கேள்வி: சாமி கொடுத்த அபராதச் செபம் எது என்றே மறந்துவிட்டேன். மன்னிப்பு ரத்தாகிவிடுமா? (கோவை)

பதில்: ஆகாது. முடிந்தால் அதே குருவிடம் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது மறந்ததைச் சொன்னால் வேறொன்று தருவார். அடுத்த முறை கோயிலை விட்டு வெளியே வருவதற்குள் செய்து முடித்துவிடுங்கள். பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டால் பலருக்கும் மறந்துதான் போகிறது.