2001ஆம் ஆண்டின் ஐரோப்பிய கூடைப்பந்து சாம்பியன் யார்? பட்டியல் தொகுப்போருக்கு ஒரு விளக்கம்

கேள்வி: போட்டித் தேர்வு எழுதுவோருக்கான விளையாட்டுக் கையேடு ஒன்றுக்காக, ஐரோப்பிய கிளப் கூடைப்பந்து சாம்பியன்களை 1958 முதல் ஆண்டுவாரியாகத் தொகுத்து வருகிறேன். 2001ஆம் ஆண்டுக்கு ஓரிடத்தில் கிண்டர் பொலோஞா என்றும், இன்னோரிடத்தில் மக்காபி டெல் அவிவ் என்றும் இருக்கிறது. அச்சுக்கு அனுப்புவதற்கு முன் இவற்றில் எதை நீக்க வேண்டும்?

பதில்: எதையும் நீக்க வேண்டாம். இரண்டு பெயர்களும் சரியானவை. 2000–01 பருவத்தில் ஐரோப்பாவின் முதல்நிலைக் கிளப் கோப்பைக்காக இரண்டு தொடர்கள் தனித்தனியே நடந்தன. இரண்டின் சாம்பியன்களும் ஒருவரையொருவர் கோப்பைக்காகச் சந்திக்காமலேயே பருவம் முடிந்தது.

1958 முதல் 2000 வரை இந்தக் கோப்பையை நடத்தியது சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா. வருவாயிலும் நிர்வாகத்திலும் தங்களுக்கு உரிய பங்கு வேண்டும் என்று கருதிய பெரிய கிளப்புகள், பல நாடுகளின் லீக்குகள் சேர்ந்து அமைத்திருந்த யுலெப் என்ற ஒன்றியத்தின் துணையுடன், 2000ஆம் ஆண்டில் சொந்தமாகத் தொடர் ஒன்றைத் தொடங்கின. ‘யூரோலீக்’ என்ற பெயரை ஃபிபா சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தபோதும் அதை வணிகப் பெயராகப் பதிவு செய்து வைக்கவில்லை. அதனால் புதிய தொடர் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது; ஃபிபா தன் தொடருக்கு ‘சுப்ரோலீக்’ என்று வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று. நீங்கள் பார்த்த குழப்பத்தின் வேர் இந்தப் பெயர் மாற்றத்தில்தான் இருக்கிறது. பெயரை மட்டும் பின்தொடர்ந்தவர்கள் கிண்டரை எழுதினார்கள். நடத்திய அமைப்பைப் பின்தொடர்ந்தவர்கள் மக்காபியை எழுதினார்கள்.

யூரோலீக்கில் 24 கிளப்புகள் ஆறு ஆறாக நான்கு பிரிவுகளில் ஆடின. அதன் முதல் ஆட்டம் 2000 அக்டோபர் 16 அன்று மாட்ரிட்டில் நடந்தது. ரியல் மாட்ரிட் 75–73 என்ற கணக்கில் ஒலிம்பியாகோஸை வென்றது. கடைசிக் கட்டத்தில் ஒற்றை இறுதியாட்டம் கிடையாது. ஐந்தில் மூன்று ஆட்டங்களை வெல்பவருக்கே கோப்பை. அந்த இறுதித் தொடரை நான் இன்றும் மிக உயர்வாக மதிக்கிறேன். எத்தோரே மெசினா பயிற்றுவித்த கிண்டர், முதல் ஆட்டத்தைச் சொந்த ஊரிலேயே ஸ்பெயின் கிளப்பான தாவ் செராமிக்காவிடம் இழந்தது. அடுத்த இரண்டை வென்று எழுந்தது. தாவ் அணியின் ஊரான வித்தோரியாவில் நான்காவதை மீண்டும் இழந்தது. மே 10 அன்று பொலோஞாவில் நடந்த ஐந்தாவது ஆட்டத்தை 82–74 என்று வென்றது. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர், பின்னாளில் அமெரிக்காவின் சான் அன்டோனியோ அணியில் பெரும்புகழ் பெற்ற மனு ஜினோபிலி.

சுப்ரோலீக்கில் 20 கிளப்புகள், பத்துப் பத்தாக இரு பிரிவுகளில் ஆடின. கடைசி நான்கு அணிகளான மக்காபி, பனதினைகோஸ், எஃபெஸ் பில்சன், சிஎஸ்கேஏ மாஸ்கோ ஆகியவை பாரிஸில் கூடின. கிண்டர் கோப்பையைத் தூக்கிய மூன்றாம் நாள், அதாவது மே 13 அன்று, பினி கெர்ஷோனின் மக்காபி அணி ஜெல்கோ ஒப்ரதோவிச்சின் பனதினைகோஸை 81–67 என்று தோற்கடித்தது. 1981க்குப் பிறகு இருபது ஆண்டுகள் காத்திருந்து மக்காபி பெற்ற பட்டம் அது.

இரண்டில் ஒன்றே உண்மையான கோப்பை என்று தீர்ப்பளிக்கும் ஆசை பலருக்கு வருகிறது. இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் வலுவான கிளப்புகள் பெரும்பாலும் யூரோலீக்கில் இருந்ததால் அதையே ஏற்க வேண்டும் என்பார்கள். ஆனால் அதற்கு முந்தைய 2000ஆம் ஆண்டில் கடைசி நான்கில் நின்றவை பனதினைகோஸ், மக்காபி, எஃபெஸ், பார்சிலோனா ஆகிய கிளப்புகள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த நால்வரில் பார்சிலோனாவைத் தவிர மூவரும் சுப்ரோலீக்கையே தேர்ந்தெடுத்தார்கள். நடப்புச் சாம்பியனான பனதினைகோஸே அங்கேதான் இருந்தது. ஒரே நாட்டுக்குள்ளும் பிளவு இருந்தது: கிரீஸின் ஒலிம்பியாகோஸும் ஏஇகேயும் ஒரு பக்கம், பனதினைகோஸ் மறு பக்கம். இப்படிச் சிதறிக் கிடந்த வலிமையைத் தராசில் வைத்து நிறுக்க நம்மிடம் எந்த நேரடி ஆட்டமும் இல்லை.

சுப்ரோலீக் அந்த ஒரே பருவத்தோடு நின்றுவிட்டது. 2001–02இல் 32 கிளப்புகளுடன் யூரோலீக் என்ற ஒரே தொடர் நடந்தது. அதன் இறுதிக் கட்டம் பொலோஞாவிலேயே அமைந்தது. பனதினைகோஸ் அரையிறுதியில் மக்காபியையும், இறுதியாட்டத்தில் கிண்டரை 89–83 என்ற கணக்கிலும் வென்றது. 2001இன் இரு சாம்பியன்களையும் ஒரே கட்டத்தில் வீழ்த்திய அந்த வெற்றியை, முந்தைய ஆண்டு பாரிஸில் பட்ட தோல்வியோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் எடை புரியும். ஆயினும் அது 2002ஆம் ஆண்டின் பட்டம்; அதை வைத்து 2001ஆம் ஆண்டுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

யூரோலீக் அமைப்பும் பிற்பாடு இரண்டு பட்டங்களையும் ஏற்றுக்கொண்டே கணக்கு வைக்கிறது. உங்கள் பட்டியல் சரியா என்று சோதிக்க இதுவே எளிய வழி. மக்காபிக்கு 1977, 1981, 2001, 2004, 2005, 2014 என ஆறு பட்டங்கள் வர வேண்டும். ஐந்து மட்டும் வந்தால் சுப்ரோலீக் விடுபட்டிருக்கிறது. பொலோஞா கிளப்புக்கு 1998, 2001 என இரண்டு வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் யூரோலீக் விடுபட்டிருக்கிறது.

இங்கே இன்னொரு பிழைக்கும் இடமுண்டு. ‘கிண்டர்’ என்பது விளம்பரதாரரின் பெயர். கிளப்பின் பெயர் விர்டுஸ் பொலோஞா. 1998 வெற்றியை விர்டுஸ் என்றும் 2001 வெற்றியைக் கிண்டர் என்றும் எழுதினால், வாசகர் இரண்டையும் வேறு வேறு கிளப்புகளாக எண்ணிவிடுவார். தாவ் செராமிக்காவும் அப்படியே; அந்தக் கிளப்பின் நிலையான பெயர் பஸ்கோனியா. அதே 2001இல் சபோர்த்தா கோப்பையை மரூசியும், கோராச் கோப்பையை உனிகாஹா மலகாவும் வென்றன. இவை முதல்நிலைக்குக் கீழான கோப்பைகள் என்பதால் உங்கள் பட்டியலில் சேரக் கூடாது.

அட்டவணையில் 2000–01 என்ற பருவத்துக்கு இரண்டு வரிகள் ஒதுக்குங்கள். முதல் வரியில் ‘யூரோலீக்: விர்டுஸ் பொலோஞா (கிண்டர்), எதிரணி பஸ்கோனியா (தாவ் செராமிக்கா), 3–2’ என்றும், அடுத்த வரியில் ‘சுப்ரோலீக்: மக்காபி டெல் அவிவ், எதிரணி பனதினைகோஸ், 81–67’ என்றும் எழுதுங்கள். முதலாவது வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை, இரண்டாவது ஒரே ஆட்டத்தின் புள்ளிகள் என்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். மாதிரி வினாக்களும் சேர்ப்பதாயிருந்தால், ‘2001இல் ஐரோப்பிய சாம்பியன் யார்?’ என்று கேட்காமல், தொடரின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் சரியான விடை எழுதிய மாணவருக்கும் மதிப்பெண் போய்விடும்.