பின்னால் ஓடுதளம் இருக்க வயலில் இறங்குவதேன்?

கேள்வி: என் மகள் செஸ்னா 172 ரக விமானத்தில் பயிற்சி பெற்றுவருகிறாள். மேலெழும்பியவுடன் எஞ்சின் நின்றுவிட்டால் ஓடுதளத்துக்குத் திரும்ப முயலாமல், எதிரே தென்படும் இடத்தில் இறங்க வேண்டும் என்று கற்றுத்தருகிறார்களாம். அது ஏன்?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: மனம் ஓடுதளத்தைத்தான் தேடும், உயரக் கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. 300 அடி உயரத்தில் எஞ்சின் நின்றதாக வைத்துக்கொள்வோம். செஸ்னா 172 எஸ் விமானம் எஞ்சின் துணையின்றி 68 நாட், அதாவது மணிக்குச் சுமார் 126 கிலோமீட்டர் வேகத்தில் மிதந்து இறங்கும்போது, ஓர் அடி உயரத்தை இழந்து ஏறத்தாழ 9 அடி முன்னேறும். அந்தக் கணக்கில் கையில் இருப்பவை 23 விநாடிகள் மட்டுமே. 30 பாகை சாய்வில் அரைவட்டம் அடிக்கவே இருபது விநாடி போய்விடும். அப்போதும் விமானம் ஓடுதளத்துக்கு நேராக வந்திருக்காது, 400 மீட்டருக்கு மேல் விலகியிருக்கும் என்பதால், இன்னும் வளைந்து, பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி நேராக்க வேண்டும். திரும்பும்போது உயரம் வேகமாகக் குறையும் என்பதையும், அதிர்ச்சியில் கழியும் முதல் சில விநாடிகளையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அவசரத்தில் சாய்வை 45 பாகைக்குக் கூட்டி, உயரத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ள முயன்றால், இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் ‘ஸ்டால்’ வேகம் சுமார் 19 விழுக்காடு உயர்ந்துவிடுகிறது. அவ்வளவு தாழ்வில் ஸ்டால் ஆகிச் சுழலத் தொடங்கிய விமானத்தை மீட்க உயரம் கிடையாது. வயலில் இறங்கி வேலியில் மோதி இறக்கை கிழிந்தாலும், தரையைத் தொடும் வரை விமானம் விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கிறதே, அது பெரிய விஷயம்.

ஆகவே முதல் வேலை மூக்கைத் தாழ்த்துவது. மேலேறிக்கொண்டிருந்த விமானத்தில் எஞ்சின் நின்றால் வேகம் கண்முன்னே கரையும். வேகத்தைக் காத்தபடி, நேர் எதிரிலோ சற்று இடம் வலமாகவோ தடையில்லாத இடத்தைத் தேர்ந்து, எரிபொருளை அடைத்து, இக்னிஷனை அணைக்க வேண்டும். குறைந்த வேகத்தில் இறங்க உதவும், இறக்கையின் பின்விளிம்புத் தகடான ‘ஃபிளாப்’ மின்சாரத்தில் இயங்குவதால், அதை இறக்கிய பிறகே மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் மாஸ்டர் சுவிட்சை அணைப்பார்கள். மோதலில் சட்டம் நெளிந்து கதவு இறுகிவிடாதிருக்க, முன்கூட்டியே அதன் தாழ்ப்பாளை விடுவிப்பதும் உண்டு. சக்கரங்கள் இன்னும் ஓடுதளத்தில் இருந்தால் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முழுவதும் குறைத்து பிரேக் பிடிப்பதே முதல் வேலை.

கேள்வி: நன்றாக ஓடிய எஞ்சின் அந்த நேரத்தில் ஏன் நிற்கிறது?
– வாசகி, மதுரை

பதில்: எரிபொருளில் கலந்த நீர் ஒரு காரணம். நீர் கனமானது என்பதால் தொட்டியின் அடியில் தங்கும். அதனால்தான் புறப்படுமுன் அடிவடிகாலிலிருந்து சிறிது பெட்ரோலை ஒளிபுகும் குப்பியில் பிடித்துப் பார்க்கிறார்கள். இவ்வகை விமானங்களுக்கான 100 எல்.எல். ரகப் பெட்ரோல் இளநீல நிறம். நீர் இருந்தால் நிறமற்று அடியில் பிரிந்து நிற்கும். கார்புரேட்டர் உள்ள பழைய மாடல்களில் ஈரக்காற்றால் உள்ளே பனி உறைவதும் உண்டு. தீப்பொறி தரும் மேக்னெட்டோக்கள் இரண்டு என்பதால், ஒன்று பழுதானாலும் எஞ்சின் சற்றே வலுக்குறைந்து ஓடும். 172 எஸ் விமானத்தில் எஞ்சினை நிமிடத்துக்கு 1800 சுற்றில் ஓடவிட்டு அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கும்போது, வேகம் 150 சுற்றுக்கு மேல் குறைந்தால் புறப்படாமல் திரும்பிவிட வேண்டும்.