கூட்டமில்லாத கடற்கரையைக் கண்டுபிடிக்க

அம்மாவுக்கு இரைச்சல் ஒத்துக்கொள்ளாது, ஆனால் அரை கிலோமீட்டர் நடப்பார், அமைதியாகக் கடலைப் பார்த்தபடி உட்கார ஓர் இடம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அவர் நடப்பார் என்பதே பாதிப் பதில். கூட்டம் பெரும்பாலும் வண்டி நிற்கும் இடத்தைச் சுற்றியேதான் இருக்கும். செயற்கைக்கோள் வரைபடத்தில் கரையோரமாகவே பார்த்துக்கொண்டு போங்கள். சாலை கடலை விட்டு விலகி, ஒற்றையடிப் பாதை மட்டும் மணலுக்கு இறங்கும் இடங்கள் கண்ணில் படும். பாறை முனைக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும் சிறு வளைவுகள் இன்னும் அருமை.

ஆனால் பாறையைச் சுற்றிப் போகும் வழி, கடல் ஏறும்போது மூழ்கிவிடலாம். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே சுமார் 6 மணி நேரம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர் இன்னும் மேலே வரும். கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்து, கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது போங்கள்.

அப்புறம், தயவுசெய்து அங்கே குளிக்க இறங்காதீர்கள். காப்பாற்ற ஆள் இருக்காது. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் பட்டை, ஆளைக் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமாக இருக்கலாம். முதலில் நீங்கள் மட்டும் போய், பக்கத்து மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அம்மாவை அழைத்துப் போங்கள்.